பேசத் தொடங்கிய படமும் பேச்சிழந்த மன்றமும்

இத்தாலிய நாட்டில் பேசும்படம் பிறந்த 1930-ஆம் ஆண்டிலேயே, ரோம் நகரிலிருந்த சீனேஸ் நிறுவனத்தார் ஒரு கொலை வழக்கைப் படமாக்கினர். 'கோர்த்தே தஸ்ஸீஸே' என்பது அதன் பெயர். கொலை முதலிய பெருங்குற்றங்களை விசாரிக்கும் இத்தாலிய நீதிமன்றத்துக்கே அப்பெயர் உரியது. பிரிட்டிஷார் ஆண்ட நாளில் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் 'அசைஸ்' என்று அடிபட்ட சொல்லும் இச்சொல்லின் உடன்பிறப்பே. படத்தை இயக்கியவர் குய்தோ பிரிஞ்ஞோனே. மார்ச்செல்லா அல்பானி, லியா பிராங்கா, கார்லோ நின்கி ஆகியோர் அதில் நடித்தனர். இத்தாலியப் பேசும்படங்களுள் கொலை மர்மத்தை முதன்முதலில் எடுத்துக்கொண்டது இதுவே என்பர் திரைப்பட வரலாற்றாசிரியர்.

இதனைப் பெருங்காவியம் என்று நிலைநாட்ட நான் முற்படவில்லை. உலகத் திரைப்படச் சிறப்புகளை வரிசைப்படுத்துவோர் இப்படத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அதில் வியப்பும் இல்லை. எனினும், ஒரு படம் எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டது என்பது ஒரு கேள்வி; எந்த வேளையில் எடுக்கப்பட்டது என்பது வேறொரு கேள்வி. வரலாற்றை விரும்புவோர்க்கு இரண்டாம் கேள்வியே சுவை மிகுந்தது. ஒரு நாட்டின் வெள்ளித்திரையில் குற்றக்கூண்டும் சாட்சியும் வழக்குரைஞரும் வாய்திறந்து பேசத் தொடங்கிய அதே வேளையில், அந்நாட்டின் உண்மையான நீதிமன்றத்தின் வாய் அடைக்கப்பட்டுக் கொண்டிருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் படவுலகின் நிலையைக் காண்போம். முதல் உலகப் போருக்கு முன்னர் இத்தாலியப் படங்கள் உலகை வியக்க வைத்தன. 1913-இல் வந்த 'குவோ வாதிஸ்', 1914-இல் வந்த 'கபீரியா' ஆகியவற்றின் பிரம்மாண்டத்தைக் கண்டு அமெரிக்கரும் மலைத்தனர். போர் முடிந்ததும் அப்பெருமை சரிந்தது. 1919-இல் பெரிய நிறுவனங்கள் பலவும் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தன. அதுவும் சில ஆண்டுகளில் கவிழ்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் இத்தாலியக் கொட்டகைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்கப் படங்களே. இயக்குநரும் நடிகரும் பிழைப்புத் தேடி ஜெர்மனிக்குச் சென்றனர். பிரிஞ்ஞோனேயும் அப்படிச் சென்று வந்தவரே. மார்ச்செல்லா அல்பானி ஜெர்மானிய ஊமைப்படங்களில் புகழ் பெற்ற பின்னரே தாய்நாட்டுத் திரைக்குத் திரும்பினார்.

இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்த முயன்றவர் ஸ்தேபானோ பித்தலூகா என்னும் ஜெனோவா நகரத்தவர். படங்களை வாங்கி விநியோகிக்கும் தொழிலில் வளர்ந்து, ஏராளமான கொட்டகைகளைத் தம் வசம் வைத்திருந்தவர். பழைய சீனேஸ் நிறுவனத்தை அவர் கைப்பற்றி, ரோம் நகரில் வேயோ தெருவிலிருந்த அதன் நிலையத்தை ஒலிப்பதிவுக்கு ஏற்றபடி புதுக்கி, 1930-ஆம் ஆண்டு மே திங்களில் திறந்து வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலியின் முதல் பேசும்படமாகிய 'காதற் பாட்டு' வெளிவந்தது. ஜென்னாரோ ரிகெல்லி இயக்கிய அப்படம் பிரான்தெல்லோவின் சிறுகதை ஒன்றைத் தழுவியது. பிரான்தெல்லோ பேசும்படத்தை ஐயத்தோடு நோக்கியவர். அவர் கதையே முதற்பேச்சுக்குக் கருவாயிற்று என்பது காலம் செய்த குறும்பு. அதனையொட்டி அதே நிலையத்தில் உருவான படங்களுள் ஒன்றுதான் நம் கொலை வழக்குப் படம்.

பாட்டுக்கும் காதலுக்கும் அடுத்து நீதிமன்றத்தை நாடியது ஏன்? விடை, ஒலிவாங்கியில் இருக்கிறது. அக்கால ஒலிவாங்கி சிறு சலசலப்பையும் விழுங்கிப் பெரிதாக்கிக் கக்கும் இயல்புடையது. படப்பிடிப்புக் கருவி எழுப்பும் இரைச்சல் ஒலிப்பதிவில் புகாதிருக்க, கருவியையும் அதை இயக்குபவரையும் மூடிய அறைக்குள் அடைத்தனர். ஊமைப்படக் காலத்தில் மலையும் கடலும் ஏறி இறங்கிய கருவி இப்போது ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. நடிகரும் ஒலிவாங்கியை விட்டு விலக முடியாது. ஓடவும் கூடாது, திரும்பவும் கூடாது. நின்ற இடத்தில் நின்று பேச வேண்டும். இத்தகைய கட்டுப்பாட்டுக்குள் எந்தக் கதை இயற்கையாகத் தோன்றும்? நீதிமன்றத்தில் எவரும் ஓடுவதில்லை. நீதிபதிக்கு ஓர் இடம், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஓர் இடம், சாட்சிக்கு ஓர் இடம் என்று யாவும் வகுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடியிருப்பதே அங்கு விதி. ஒலிப்பதிவாளர் கனவு கண்டாலும் இதைவிட வசதியான கூடம் கிடைக்காது!

அமெரிக்கர் இந்த உண்மையைச் சற்று முன்னரே கண்டுகொண்டனர். 1929-ஆம் ஆண்டிலேயே 'மேரி டூகன் வழக்கு', 'பெல்லமி வழக்கு', 'மேடம் எக்ஸ்' என்று வழக்குப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவ்வாண்டில் வந்த 'கடிதம்' என்னும் படம் நம்மவர்க்குத் தனிப்பட்ட உறவுடையது. சாமர்செட் மாம் எழுதிய கதைக்கும் நாடகத்துக்கும் மூலமாக இருந்தது, 1911-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மீது நடந்த கொலை வழக்கு. அவ்வழக்கில் ஜூரிகள் அமரவில்லை. ஒரு நீதிபதியும் இரண்டு 'அசெஸர்'களுமே அமர்ந்து மரண தண்டனை விதித்தனர். பின்னர் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். அசெஸர் என்னும் இச்சொல்லை வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இத்தாலியக் கதையிலும் அது வந்து நிற்கும்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் முசோலினியின் அரசு, அயல்மொழிப் பேச்சு அடங்கிய படங்களைத் திரையிடலாகாது என்று ஆணை பிறப்பித்தது. குரல் மாற்றும் கலை அப்போது அங்கு வளர்ந்திருக்கவில்லை. ஆகவே அமெரிக்கப் பேசும்படங்களின் பேச்சை வெட்டி எறிந்துவிட்டு, இடையிடையே எழுத்து அட்டைகளைச் செருகிக் காட்டினர். பாட்டுப் படமாயின் இசையாவது மிஞ்சும். சண்டைப் படமாயின் அடிதடி மிஞ்சும். வழக்குப் படத்தில் பேச்சை நீக்கினால் மிஞ்சுவது என்ன? நாற்காலிகளும் மேசைகளுமே. குறுக்கு விசாரணையை அட்டையில் எழுதிக் காட்டினால் அதில் உயிர் ஏது? எனவே தன் மொழியிலேயே ஒரு வழக்கைக் கேட்கும் வாய்ப்பு இத்தாலியனுக்குக் கிட்டியது, 'கோர்த்தே தஸ்ஸீஸே' போன்ற உள்நாட்டுப் படத்தில்தான்.

தன் மொழி என்றேன்; அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்றைய இத்தாலியர் வீட்டிலும் தெருவிலும் பேசியவை வட்டார மொழிகளே. நேப்பிள்ஸ் மீனவன் பேச்சு மிலான் தொழிலாளிக்கு எளிதில் விளங்காது. ஏட்டு மொழியாகிய பொது இத்தாலியத்தைப் பாமரர் செவியால் கேட்ட இடங்கள் சிலவே: பள்ளிக்கூடம், நாடக மேடை, நீதிமன்றம். கொலை வழக்கு நடக்கும் நாளில் ஊரே மன்றத்தில் கூடும். வழக்குரைஞரின் நாவன்மையைக் கேட்பதற்கென்றே வருவோரும் உண்டு. போலோஞ்ஞாவில் 1902-இல் கொல்லப்பட்ட ஒரு பிரபுவின் வழக்கு 1905-இல் தூரின் நகரில் முடிவுற்றபோது, ஐரோப்பா முழுதும் அதைப் பற்றிப் பேசியது. நேப்பிள்ஸ் நகரின் கமோரா என்னும் கொள்ளைக் கூட்டத்தார் மீதான குவோகோலோ கொலை வழக்கு, 1911-ஆம் ஆண்டு முதல் 1912-ஆம் ஆண்டு வரை வித்தேர்போ நகரில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டோரை இரும்புக் கூண்டுக்குள் கூட்டமாக அடைத்து வைத்து விசாரித்தனர். படவுலகுக்கு முன்பே அங்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தன: மேடை, வேடம், வசனம், பார்வையாளர்.

இந்த நாடகத்தில் முடிவு சொல்வோர் ஜூரிகள். நாடு ஒன்றுபட்ட காலந்தொட்டே இத்தாலியில் பெருங்குற்றங்களை ஜூரிகள் விசாரித்து வந்தனர். கொன்றானா, இல்லையா என்பதைச் சட்டம் படித்தவர் அல்லாமல், ஊரார் சிலரே கூடிச் சொல்லிவந்தனர். இதில் குறை இல்லாமல் இல்லை. நாவன்மைக்கு மயங்கி, மனைவியைக் கொன்ற கணவனைக் கண்ணீரோடு விடுதலை செய்த ஜூரிகளும் உண்டு. தாமே பெரும் நாவலராக விளங்கிய குற்றவியல் அறிஞர் என்ரிக்கோ ஃபெர்ரி, ஜூரி முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அறிவுடையோர் கூறிய இக்கண்டனங்களைப் பின்னாளில் வேறொருவர் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்திக் கொண்டார்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், சோஷலிசத் தலைவர் ஜாக்கோமோ மத்தேயோத்தி ரோம் நகரில் பட்டப்பகலில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தில் பாசிஸ்டுகளின் தேர்தல் முறைகேடுகளை அவர் அம்பலப்படுத்திச் சில நாட்களே ஆகியிருந்தன. குற்றம் நடந்த ரோம் நகரில் விசாரணை நடக்கவில்லை. ஆரவாரமற்ற மலைநாட்டு நகராகிய கியேத்திக்கு அது மாற்றப்பட்டது. 1926-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், அங்குள்ள அசைஸ் மன்றத்தில், சில நாட்களுக்குள் யாவும் முடிந்தன. முதன்மைக் குற்றவாளி தூமினிக்காக வாதாடியவர், பாசிஸ்டுக் கட்சியின் செயலாளரான ஃபரினாச்சியே! மூவர் குற்றவாளிகள் எனப்பட்டனர். ஆறாண்டுக்குச் சில நாட்கள் குறைந்த சிறைத்தண்டனை. அதிலும் நான்காண்டு பொதுமன்னிப்பில் கழிந்தது. ஜூரிகள் இருந்தார்கள், கூண்டு இருந்தது, வாதமும் இருந்தது. நீதி மட்டும் அங்கு வரவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் நாட்டுப் பாதுகாப்புக்கான தனி மன்றம் ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. படைத்துறையினரும் கருஞ்சட்டைப் படையினரும் அதில் நீதிபதிகளாக அமர்ந்தனர், ஜூரிகளுக்கு இடமில்லை. 1928-ஆம் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் அந்தோனியோ கிராம்ஷிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையை விதித்தது அம்மன்றமே. அரசியல் குற்றங்கள் இவ்வாறு அசைஸ் மன்றத்தை விட்டு விலகின.

அரசியல் சாராத குற்றங்களிலும் ஆட்சியின் நிழல் விழுந்தது. ரோம் நகரில் சிறுமியர் சிலர் கொல்லப்பட்டதை ஒட்டி, 1927-ஆம் ஆண்டில் ஜீனோ ஜிரோலிமோனி என்பவர் கைதானார். கொடியவன் அகப்பட்டான் என்று நாளேடுகள் அவர் படத்தை அச்சிட்டு முழங்கின. அடுத்த ஆண்டு அவர் மீது குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டார். அச்செய்தியை முழங்க நாளேடுகள் முன்வரவில்லை. பொது மன்றத்தில் நின்று தம் குற்றமின்மையை ஊரறியச் சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுதும் அந்தப் பழியைச் சுமந்து 1961-இல் இறந்தார். ஜூரிகளிடம் எவ்வளவு குறை இருந்தாலும், திறந்த மன்றம் ஒன்று ஒருவனுக்கு என்ன தரக்கூடும் என்பதை இவ்வொரு மனிதரின் கதை காட்டிவிடுகிறது. அந்நாளில் கொலைச் செய்திகளையே நாளேடுகளில் குறைத்து எழுதும்படி அரசு அறிவுறுத்தி வந்தது. புதிய இத்தாலியில் குற்றம் இல்லை என்று காட்டுவதில் ஆட்சியாளர் முனைந்திருந்தனர்.

இத்தகைய நாளில்தான் சீனேஸ் நிலையத்தில் ஒரு கொலை வழக்கு அரங்கேறியது. நாளேட்டில் சுருங்கிய குற்றச் செய்தி, கொட்டகையில் விரிந்தது. இதனை எதிர்ப்புக் குரல் என்று கொள்வது மிகையாகும். பிரிஞ்ஞோனே கிளர்ச்சிக்காரர் அல்லர். மக்களை மகிழ்விக்கத் தெரிந்த கைதேர்ந்த தொழிலாளி. ஊமைப்படக் காலத்தில் 'நரகத்தில் மாச்சிஸ்தே' என்னும் படத்தை எடுத்துப் புகழடைந்தவர். பின்னாளில் ஃபெல்லினி, தாம் சிறுவயதில் தந்தையின் மடியிலிருந்து கண்ட அப்படமே தம்மைத் திரையுலகின்பால் ஈர்த்ததாகச் சொல்லி மகிழ்வார். அத்தகைய பிரிஞ்ஞோனே அரசை இடித்துரைக்கப் படமெடுத்தார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. திரையில் காட்டப்பட்டது குடும்பக் கொலையேயன்றி அரசியல் கொலையன்று என்பதே அதற்கு அனுமதி கிடைத்த மர்மம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் காலம் தன் வேலையைச் செய்தது. 1931-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் வெளியான அரச ஆணையால் இத்தாலியில் ஜூரி முறை ஒழிந்தது. அசைஸ் மன்றம் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. இனி அங்கு அமர்வோர் இரண்டு நீதிபதிகளும், அரசு வகுத்த தகுதிகளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து அசெஸர்களும். முன்பு ஜூரிகள் தனித்துக் கூடி முடிவு செய்தனர். இனி அசெஸர்கள் நீதிபதிகளுடன் ஒரே அறையில் அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். நீதிபதியின் புருவம் நெரிவதைப் பார்த்துக்கொண்டே தன் கருத்தைச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? ஜூரி முறையின் குறையைத் திருத்தினோம் என்றனர் ஆட்சியாளர். நோய்க்கு மருந்து என்று சொல்லி நாவையே அறுப்பது எவ்வகை மருத்துவம்?

அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று அமைச்சர் அல்பிரேதோ ரோக்கோவின் பெயரால் வழங்கும் புதிய தண்டனைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருந்த மரண தண்டனை, அரசனையும் முசோலினியையும் தாக்குவோருக்கென 1926-இல் மீண்டிருந்தது. இப்போது சாதாரணக் கொலைகாரர்க்கும் அது விரிந்தது. படம் எடுக்கப்பட்டபோது குற்றக்கூண்டில் நிற்பவனுக்கு நேரக்கூடியது ஆயுட்சிறை. ஓராண்டு கழித்து அதே கூண்டில் நிற்பவனுக்கு நேரக்கூடியது துப்பாக்கிக் குண்டு. அதே படத்தை ஒருவர் 1931 இலையுதிர் காலத்தில் பார்த்திருந்தால், அதில் கண்ட மன்றம் அப்போது நாட்டில் இல்லை. கொலை மர்மத்துக்குள் அறியாமலே ஒரு வரலாற்று ஆவணம் ஒளிந்துகொண்டது எனலாம்.

கொலை மர்மக் கதைகளுக்கே நேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மிலான் நகர் மொந்தாதோரி பதிப்பகம் 1929-ஆம் ஆண்டில் 'மஞ்சள் நூல்கள்' என்றொரு வரிசையைத் தொடங்கியது. அட்டை மஞ்சளாக இருந்ததால், துப்பறியும் கதைக்கே இத்தாலியத்தில் 'ஜாலோ', அதாவது மஞ்சள், என்ற பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் நாம் முகம் சுளிப்போம். இத்தாலியனோ மஞ்சள் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வான். முதலில் வந்தவை மொழிபெயர்ப்புகள். 1931-இல் அலெஸ்ஸாந்த்ரோ வரால்தோ எழுதிய நாவல் அவ்வரிசையில் முதல் இத்தாலியப் படைப்பாக வெளிவந்தது. அவருக்குப் பின் வந்தவருள் சிறந்தவர் அவுகுஸ்தோ தே ஆஞ்செலிஸ். அவர் படைத்த காவல் அதிகாரி தே வின்சென்சி, அறிவோடு இரக்கமும் உடையவன்.

ஒழுங்கும் அமைதியும் நிலவுவதாகச் சொல்லப்பட்ட நாட்டில் கொலைக் கதைகள் ஆட்சியாளர்க்கு உறுத்தின. கதையில் கொலைகாரன் இத்தாலியனாக இருக்கலாகாது என்ற அளவுக்குக் கட்டுப்பாடு நெருங்கியது. வெளிநாட்டான் கொல்லலாம், நம்மவன் கொல்லலாகாது! 1941-இல் மஞ்சள் வரிசையே நிறுத்தப்பட்டது. தே ஆஞ்செலிஸ் பாசிசத்துக்கு எதிராக எழுதியதற்காக 1943-இல் சிறைப்பட்டு, விடுதலையான பின் ஒரு பாசிஸ்டின் தாக்குதலுக்கு ஆளாகி, 1944-இல் உயிர்நீத்தார். கற்பனைக் கொலைகளை எழுதியவரை உண்மைக் கொலை தேடி வந்தது.

சீனேஸ் நிறுவனத்தின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். பித்தலூகா 1931-இலேயே மறைந்தார். அவர் புதுக்கிய நிலையம் 1935-இல் தீக்கிரையானது. அதற்குப் பின்னர்தான் 1937-இல் சினேசித்தா என்னும் பெருநகர் எழுந்தது. லியா பிராங்கா, 1932-இல் விற்றோரியோ தெ சீகாவுடன் 'ஆடவர் எத்தகைய போக்கிரிகள்' என்னும் படத்தில் நடித்து இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்து, விரைவிலேயே திரையை விட்டு விலகினார். பிரிஞ்ஞோனே தொடர்ந்து படமெடுத்து 1959-இல் மறைந்தார்.

போர் முடிந்து குடியரசு மலர்ந்தபோது பழைய கணக்குகள் சில மீண்டும் பிரிக்கப்பட்டன. மத்தேயோத்தி கொலை வழக்கு 1947-இல் ரோம் நகர அசைஸ் மன்றத்தில் புதிதாக விசாரிக்கப்பட்டது. கியேத்தியில் மன்னிப்பு முத்தத்தோடு வெளியேறிய தூமினி இம்முறை ஆயுட்சிறைக்கு ஆளானான். அது பின்னர் முப்பதாண்டாகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த சட்டம் அசெஸர்களை நீக்கி, மக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் அறுவரை இரண்டு நீதிபதிகளுக்கு அருகில் அமர்த்தியது. தனித்துக் கூடும் பழைய ஜூரி திரும்பவில்லை; ஊராரின் வாக்கு எண்ணிக்கையில் மேலோங்கும் முறை மட்டும் திரும்பியது. அடுத்த ஆண்டு, 1952-இல், லூயிஜி ட்ஸாம்பா இயக்கிய 'நகரத்தின் மீது வழக்கு' என்னும் படம் வந்தது. அதன் கதை வித்தேர்போவில் நடந்த அதே குவோகோலோ வழக்கைத் தழுவியது. ஒருவனைக் கண்டுபிடிப்பதோடு அமையாமல், கொலைக்குப் பின்னாலிருந்த செல்வர், அதிகாரி, ஏவலர் என ஒரு நகரம் முழுவதையும் அப்படத்தின் விசாரணை நீதிபதி தோண்டிக்கொண்டே போகிறார். 1930-இல் சீனேஸ் கூடத்துக்குள் ஒலிவாங்கியின் முன் அசையாது நின்ற இத்தாலிய வழக்குப் படம், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நேப்பிள்ஸ் தெருக்களில் இறங்கி நடந்தது.